மார்கழி நோட்டு

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், கடைமடைப் பகுதியைச் சேர்ந்த குழு ஒன்றின் சார்பில் பேசியது)



எங்களைப் பேசக் கூப்பிட்டதும் முதலில் பயந்தோம். கறவை மாடு, ஊதுபத்தி, நாப்கின் என்று தொழில் செய்து காட்டிய குழுக்கள் பேசுகிற மேடை இது. எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை. எங்களிடம் இருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. பனிக்காலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் புருசனும் பொண்டாட்டியும் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்ன செய்கிறார்கள் என்று எழுதிய நோட்டு. அதைத்தான் கொண்டு வந்திருக்கிறோம்.

ஏன் எழுதினோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். அதில் எங்கள் தப்பும் இருக்கிறது.

எங்கள் குழுவில் 14 பேர். அதில் ஒரு அக்காவுக்கும் அண்ணனுக்கும் சொந்தத்தில் ஐந்து மா, குத்தகைக்கு நாலு மா, ஆக ஒன்பது மா நிலம். மேற்கத்திக் கணக்கில் மூன்று ஏக்கர். 2023 ஆவணியில் அந்த அக்கா உள்கடனாக 15,000 ரூபாய் வாங்கினார். பத்துத் தவணை, மாதம் 1,500, வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய். அந்த வருசம் அக்டோபர் 10-ஆம் தேதியே மேட்டூர் அணையை மூடிவிட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். கடைமடையில் சம்பா எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அக்கா ஐப்பசித் தவணையை எப்படியோ கட்டினார். கார்த்திகை, மார்கழி, தை மூன்றும் நின்றுபோச்சு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நாலு வாரம் வரவில்லை. நாங்கள் என்ன செய்தோம்? வராததற்கு வாரம் பத்து ரூபாய் அபராதம் எழுதினோம். மூன்று தவணை தவறியவர் என்று தீர்மான நோட்டில் பெயரை ஏற்றினோம். அடுத்த கடன் கிடையாது என்றும் சொல்லிவிட்டோம்.

மாசியில் ஒரே நாளில் எல்லாப் பாக்கியையும் கொண்டுவந்து கட்டினார். நாங்கள் கைதட்டினோம். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பணம் வெளியே நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கியது. ஒரு ரூபாய் வட்டிக்கடனை அடைக்க ஐந்து ரூபாய் வட்டிக்கடன். எதற்காகக் குழு ஆரம்பித்தோமோ அந்த இடத்துக்கே அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அதுவும் கைதட்டி.

இதைப் பேசியபோது எங்களில் ஒருத்தர் கேட்டார்: "வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வர முடியாத அளவுக்கு அப்படி என்னதான் வேலை?" அக்கா பதில் சொல்லவில்லை. "வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார். சரி, பார்ப்போம் என்று முடிவு செய்தோம். 2024 மார்கழி முதல் நாளிலிருந்து மாசி பாதி வரை, வாரத்தில் இரண்டு நாள், முறை வைத்து இரண்டு பேராகப் போய் எழுதினோம். மணி போட்டு எழுதினோம். அக்காவின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

மார்கழியில் ஒரு நாள். விடியற்காலை நாலு மணி. பனி கூரையிலிருந்து சொட்டுகிறது. அக்கா எழுந்து வாசல் பெருக்கி, சாணி தெளித்து, கோலம் போட்டு, பிள்ளையார் பிடித்துப் பரங்கிப்பூ வைக்கிறார். கோலம் போடுவதை வேலையில் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. சேர்க்க வேண்டாம், அது அவர் ஆசைக்குப் போடுவது என்று அவரே சொல்லிவிட்டார். அப்புறம் கொட்டகை. பனிக்காலத்தில் மாட்டுக்கு அடியில் ஈரம் நிற்கக் கூடாது. சாணி மூத்திரத்தை வழித்து, காய்ந்த வைக்கோல் பரப்ப வேண்டும். பால் கறந்து ஐந்தே முக்காலுக்குச் சொசைட்டியில் ஊற்றுகிறார். அண்ணன் நாலரைக்கு எழுந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, டார்ச்சும் கம்புமாக வயலுக்குப் போகிறார்.

அண்ணன் எதற்கு அந்த நேரத்தில் போகிறார் என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எலிக்குத்தான். கதிர் கட்டும் பருவத்தில் எலி வெட்டினால் அந்தத் தூர் அவ்வளவுதான். முதல் நாள் சாயந்திரம் மூங்கில் கிட்டியை வரப்போரம் வைத்துவிட்டு வருகிறார். தஞ்சாவூர்க் கிட்டி என்று சொல்வார்களே, வில் மாதிரி வளைத்து வைப்பது. விடியுமுன் போய் எடுக்காவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும், கிட்டியோடு. கிட்டி ஒன்றுக்கு வாடகை கொடுத்திருக்கிறார், சும்மாவா? வயலில் பறவை உட்கார 'ட' மாதிரி குச்சியும் நட்டு வைத்திருக்கிறார். பகலில் கரிச்சான், ராத்திரியில் ஆந்தை. பிறகு இலையைப் பார்க்க வேண்டும். பனி அதிகம், ராத்திரி குளிர் அதிகம் என்றால் குலைநோய் வரும். இலையில் கண் மாதிரி புள்ளி தெரியும். யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் முதலில் தெரியும். "பச்சை கட்டி நிக்குதேன்னு சந்தோசப்படக் கூடாது" என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த வருசம் நவம்பர் கடைசியில் பெய்த மழையில் வயல் முழுகிக் கிடந்து, தண்ணி வடிந்து எழுந்த பயிர் அது. அவர் போட்டிருந்தது சி.ஆர். 1009 சப்-1, முழுகினாலும் கொஞ்ச நாள் தாங்கும் ரகம்.

எட்டு மணிக்கு அண்ணன் வீட்டுக்கு வருகிறார். அதற்குள் சோறு, குழம்பு, பிள்ளைகளுக்கு டப்பா எல்லாம் ஆகியிருக்க வேண்டும். அவர் சாப்பிட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிறார். அக்கா பாத்திரம் துலக்கிவிட்டு, எட்டரைக்கு அரிவாளோடு புல்லுக்குப் போகிறார். பனி ஈரத்தில் வரப்புப் புல்லை அறுத்தால் கையெல்லாம் விறைத்துப்போகிறது. எங்களில் ஒருத்தர் கூட அறுத்துப் பார்த்துவிட்டு அரை மணியில் எழுந்துவிட்டார். புல்லுக்கட்டு வீட்டுக்கு வரப் பதினொன்றரை. அப்புறம் துணி, தண்ணி, மதியச் சோறு, விறகு, மூன்றரைக்கு மறுபடியும் பால், ராத்திரிச் சமையல். ஒன்பதரைக்குப் படுக்கிறார்.

கூட்டிப் பார்த்தால் அக்காவுக்குப் பதினைந்தரை மணி நேரம். அண்ணனுக்குப் பத்தரை. இதில் ஒரு வழக்கு. டீக்கடையில் இருந்த ஒன்றரை மணி நேரத்தை நாங்கள் ஓய்வு என்று எழுதினோம். அண்ணன் நோட்டை வாங்கிப் படித்துவிட்டுக் கோபப்பட்டார். "அறுப்பு மிஷின் எந்த ஊருக்கு வந்திருக்கு, மணிக்கு என்ன கேக்குறான், எந்த மடையில தண்ணி வருது, எல்லாம் அங்கதான தெரியுது" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. பாதியை வேலை என்று திருத்தினோம். இன்று வரைக்கும் எங்களைப் பார்த்தால் "என் முக்கால் மணி நேரம்" என்றுதான் கேட்கிறார்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது நாள் எழுதியதில், அக்கா சூடாகச் சாப்பிட்டது மூன்று நாள். அதில் ஒன்று பொங்கல். மற்ற நாளெல்லாம் கடைசியில், ஆறிப்போனதை. பனிக்காலத்து இருமல் எங்கள் ஊரில் பெண்களுக்குத்தான் அதிகம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அடுப்புப் புகையும் பனியும் ஆறின சோறும் சேர்ந்தால் வேறென்ன வரும்?

இனி உளுந்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கதையே உளுந்தில்தான் இருக்கிறது.

நெல் அறுப்பதற்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளிப்பது நம் டெல்டா வழக்கம். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். மிதித்தால் கால் புதையக் கூடாது, தடம் மட்டும் விழ வேண்டும். பிறகு மண்ணில் இருக்கிற ஈரமும் தை மாசிப் பனியும்தான் பயிரை வளர்க்கும். தை பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நாம் புலம்புகிற பனிதான் உளுந்துக்குப் பால். வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு நமக்கு வருமானம் தரக்கூடியது இது ஒன்றுதான்.

அண்ணன் அந்த வருசம் உளுந்து வேண்டாம் என்றார். மிஷின் வைத்து அறுத்தால் முளைத்ததெல்லாம் நசுங்கிப்போகும், விதை தண்டம் என்றார். ஆள் வைத்து அறுக்கலாம் என்றால் ஆள் கிடைக்கவில்லை, கூலியும் கட்டாது. அக்கா விடவில்லை. போன வருசத்து உளுந்தைச் சாம்பல் கலந்து பானையில் போட்டு வைத்திருந்தார். ஆறு மாவிலாவது தெளிக்கலாம் என்று நின்றார். அந்தச் சண்டை நடந்த அன்று எங்களில் இரண்டு பேர் நோட்டோடு திண்ணையில்தான் இருந்தோம். என்ன எழுதுவது என்று தெரியாமல் 'பேச்சுவார்த்தை, அரை மணி' என்று எழுதி வைத்திருக்கிறோம்.

பொங்கல் முடிந்த வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வயல் மறுபடியும் சேறு. காத்திருந்து, தை 14-ஆம் தேதி, ஏக்கருக்குப் பன்னிரண்டு கிலோ கணக்கில், ரைசோபியம் கலந்து, மிஷின் மிதிப்புக்காக மேலே நாலு கிலோவும் சேர்த்துத் தெளித்தார்கள். தெளித்தது அக்கா. எட்டு நாள் கழித்து பெல்ட் மிஷின் இறங்கியது. மிஷின் போன தடத்தில் முளைப்பு போச்சு, உண்மைதான். தடத்துக்கு நடுவில் நின்றதே போதுமானதாக இருந்தது. மிஷின் கொட்டின வைக்கோலைச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். குவியலாகக் கிடந்த இடத்தில் அடியில் வெளுத்துப்போய்விட்டது. இதைத் தெரியாமல் விட்டதில் அரை மா போச்சு.

பூ எடுக்கும்போது ஒரு தரம், பதினைந்து நாள் கழித்து ஒரு தரம் டி.ஏ.பி. கரைசல் தெளித்தார்கள். கேட்டவர்களுக்காகச் சொல்கிறோம்: ஏக்கருக்கு நாலு கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் ராத்திரி இருபது லிட்டர் தண்ணியில் ஊறப்போட்டு, காலையில் தெளிந்த தண்ணியை மட்டும் வடித்து, 180 லிட்டர் தண்ணி சேர்த்து, சாயந்திரம் தெளிக்க வேண்டும். மண்டியை ஊற்றினால் ஸ்பிரேயர் அடைத்துக்கொள்ளும். இலை மஞ்சளாகத் தேமல் விழுந்த செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கிப் புதைக்க வேண்டும், வெள்ளை ஈ பரப்பிவிடும்.

அதற்கு நடுவில் நெல் போடுகிற வேலை. இங்கே அண்ணனுக்காகப் பேச வேண்டியிருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் வரிசை. ஆறு ராத்திரி நெல்லுக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்கு அடியில், கொட்டுகிற பனியில் படுத்தார். பன்றி வரும், மாடு வரும், நெல் காணாமலும் போகும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். சாயந்திரம் 17 காட்டிய நெல் விடியற்காலை பனி குடித்து 19 காட்டுகிறது. அதனால் தினமும் பத்து மணிக்கு அக்கா போய்த் தார்ப்பாயை விலக்கி, நெல்லைப் பரப்பி, காலால் துழாவி விட்டு, நாலு மணிக்குக் குவித்து மூடிவிட்டு ஓடி வந்து பால் கறக்கிறார். அந்த ஆறு நாளில் அண்ணன் கணக்கு ராத்திரிக் காவலோடு பதினெட்டு மணி, அக்கா கணக்கு பதினேழு. அவருக்கு வேலையே இல்லை என்று நாங்கள் நினைத்திருந்தது தப்பு. அவர் வேலை சில நாளில் வந்து மலையாக விழுகிறது. அக்கா வேலை தினமும் இருக்கிறது.

(ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. இரண்டு பேரும் இருட்டில்தான் நடமாடுகிறார்கள். டார்ச்சு இல்லாமல் வரப்பில் இறங்காதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறி விடுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். விஷமுறிவு ஊசி அங்கே இருக்கிறது.)

கணக்குக்கு வருகிறோம். மாவுக்கு 11 மூட்டை, அறுபது கிலோ மூட்டை. மொத்தம் 99. சாப்பாட்டுக்கும் விதைக்கும் 15 வைத்துக்கொண்டு 84 மூட்டை போட்டார்கள். 5,040 கிலோ, நாற்பது கிலோ சிப்பமாக 126. 2024-25-இல் சாதாரண ரகத்துக்கு ஊக்கத்தொகையோடு குவிண்டால் 2,405 ரூபாய். ஆக 1,21,212 ரூபாய். பணம் அண்ணன் பெயரில் உள்ள கணக்குக்கு வந்தது, சிட்டா அவர் பெயரில் இருப்பதால். குத்தகை, உரக்கடைப் பாக்கி, மிஷின், நடவு, களை, வண்டி எல்லாம் போகக் கையில் நின்றது 31 ஆயிரம் சொச்சம். இரண்டு பேருடைய ஆறு மாத உழைப்புக்கு.

உளுந்து ஆறு மாவில் 340 கிலோ. இருபது கிலோ விதைக்கு. 320 கிலோவைக் கிலோ 74 ரூபாய்க்கு விற்றதில் 23,680 ரூபாய். அக்கா தன் கணக்கிலேயே போட்டுக்கொண்டார். முழுசாக அவர் கையில் நின்றது என்று பொய் சொல்ல மாட்டோம். பாதி, அடகில் இருந்த தோட்டை மீட்கப் போச்சு. தோடு அவருடையதுதான் என்பது வேறு விசயம்.

நோட்டை எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்களுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் இந்த வீட்டுக்கு வருகிற காசு பால் காசு மட்டும்தான். வேலை உச்சத்தில் இருக்கிற நேரமும் கையில் காசு இல்லாத நேரமும் ஒன்றாக வருகிறது. அந்த நேரத்தில்தான் நாம் மாதத் தவணை கேட்கிறோம், ராத்திரி ஏழு மணிக்குக் கூட்டம் போடுகிறோம். மளிகைக் கடை வைத்திருக்கிற உறுப்பினருக்கு மாதத் தவணை சரி. சம்பாக்காரருக்கு எப்படிச் சரியாகும்?

அதனால் 2024-25-க்கு அக்கா வாங்கிய 15,000-க்குத் தவணையை மாற்றினோம். தை வரைக்கும் மாதம் 150 ரூபாய் வட்டி மட்டும். மாசியில் நெல் பணம் வந்ததும் அசலில் 9,000. சித்திரையில் உளுந்து விற்றதும் மீதி 6,000. ஒரு நாள் தள்ளாமல் கட்டினார், வெளியே ஒரு பைசா வாங்காமல். கூட்டத்தையும் கார்த்திகை முதல் மாசி வரை மதியம் இரண்டு மணிக்கு மாற்றிவிட்டோம். முந்திய வருசம் போட்ட நாற்பது ரூபாய் அபராதத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அக்கா வாங்க மாட்டேன் என்றார். சந்தாவில் வரவு வைத்துவிட்டோம்.

இதற்குப் பிறகுதான் சிக்கல். எங்கள் குழுவைத் தரம் பார்த்தபோது, ஐந்து மாதம் அசல் வசூல் இல்லை, கூட்டம் தீர்மானித்த நேரத்தில் நடக்கவில்லை என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். பார்த்தவர்கள் மேல் வருத்தமில்லை. படிவத்தில் உள்ளதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். மாற வேண்டியது படிவம். இங்கே கூடியிருக்கிற குழுக்களில் பாதிக்கு மேல் விவசாயக் குடும்பங்கள். ஆகவே எங்கள் குழு இரண்டு கோரிக்கை வைக்கிறது. விவசாயக் கடனுக்கு அறுவடைத் தவணை என்று தனி வரி தீர்மானத்திலும் தரப் படிவத்திலும் வர வேண்டும். பனிக்காலத்துக்குக் கூட்ட நேரத்தைக் குழுவே மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும். தீர்மான நகலில் 14 பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இன்னொன்று, கோரிக்கை இல்லை, சொல்லி வைக்கிறோம். 2026-ஐ உழவர் மகளிர் ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. நம் ஊருக்கு அது எப்படி வந்து சேரும் என்று தெரியாது. ஆனால் கணக்கெடுக்க யாராவது வாசலுக்கு வந்து என்ன வேலை என்று கேட்டால், "வீட்டுலதான் இருக்கேன்" என்று சொல்லாதீர்கள். எங்கள் அக்காவும் முதல் நாள் எங்களிடம் அப்படித்தான் சொன்னார். கையில் புல்லுக்கட்டோடு நின்றுகொண்டு சொன்னார்.

நோட்டு இங்கே மேசையில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் எடுத்துப் பாருங்கள், பக்கத்தைக் கிழித்துவிடாமல். அடுத்த மார்கழிக்கு வேறு குழுக்களும் எழுதுவதாக இருந்தால், எப்படிக் கோடு போட்டோம் என்று காட்டித் தருகிறோம். மணி மூன்றாகப் போகிறது. எங்களில் நாலு பேர் பால் கறக்க வேண்டும், பஸ்ஸும் மூன்றே காலுக்குத்தான். வருகிறோம், வணக்கம்.